தரையில் எறியப்பட்ட சத்தியம்

எருசலேமில் முதியவர்களைப் பராமரிக்கும் பணியில் இருப்பவர்களுக்கு, "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்ற வேண்டுகோள் பழகிப்போன ஒன்று. உறவினரின் மரணத்தைக்கூட நோயாளியிடம் தெரிவித்து அவர் மனத்தைக் கலங்கடிக்கலாகாது என்று 16ஆம் நூற்றாண்டின் யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆருக் சொல்வதை நான் பராமரித்த முதியவரின் மகள் எடுத்துக்காட்டினார், நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஓய்வுபெற்ற யூத வேத ஆசிரியரான அந்த முதியவர், "மருத்துவ அறிக்கையில் இருப்பதை எல்லாம் என் மகள் சொல்லிவிட்டாளா?" என்று என்னிடமே கேட்டார். "சபா (தாத்தா), அதை அவரிடமே கேளுங்களேன்" என்றேன். சற்று நேரம் கழித்து, "மனிதனைப் படைப்பதற்கு முன் தரையில் எறியப்பட்டது எது என்று உனக்குச் சொல்லித் தந்திருக்கிறேன் அல்லவா?" என்றார்.

சத்தியம்தான் எறியப்பட்டது. ஆதியாகமத்திற்கு விளக்கமாக ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட பெரேஷித் ரப்பா என்ற நூலில் யூத அறிஞர் ரப்பி சிமோன் சொல்லும் கதை அது. ஆதாமைப் படைக்க இறைவன் எண்ணியபோது வானவர்கள் இரு அணிகளாகப் பிரிகிறார்கள். மனிதன் அன்புச் செயல்கள் புரிவான், ஆகவே படைக்கலாம் என்கிறது கருணை; அவன் முழுக்கப் பொய்யன், வேண்டாம் என்கிறது சத்தியம். நீதி படைக்கச் சொல்ல, அவன் சச்சரவே உருவானவன் என்று சமாதானம் மறுக்கிறது. இறைவன் சத்தியத்தை எடுத்துத் தரையில் எறிகிறார். உமது முத்திரையான சத்தியத்தையே இழிவுபடுத்தலாமா, அது மண்ணிலிருந்து எழட்டும் என்று வானவர்கள் மன்றாடுகிறார்கள்.

அந்த விவாதத்தில் முதலில் பேசியது கருணை என்பதையே நான் எனக்குச் சாதகமாக எண்ணிக்கொள்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. சொல்லும் உரிமை உடையவரிடம் கேள்வியை அனுப்பினேன். ஆயினும் வாழ்நாள் முழுவதும் சொற்களுக்கு நடுவே இருப்பதைப் படித்தவருக்கு அந்த விலகலே முழுப் பதிலாக இருந்திருக்கும் என்று தோன்றும்போது, என் மௌனம் அவரைக் காத்ததா, அறிந்ததைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் அவரைத் தனியே விட்டதா என்று கலங்குகிறேன். மனிதனுக்கு எதிராகச் சத்தியம் சொன்ன குற்றச்சாட்டுக்கு நானே சாட்சியாகிவிட்டேனோ என்றும் நினைக்கிறேன்.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்று நம்பவும் காரணம் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ட்ருவா நகரில் வாழ்ந்த யூத வேத உரையாசிரியர் ராஷியின் உரையை அதற்குச் சில நாள்களுக்கு முன்பு எனக்கு விளக்கினார்: மனிதன் எங்கே இறந்தாலும் அந்த மண் அவனை அடக்கத்திற்கு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இறைவன் நான்கு திசைகளிலிருந்தும் புழுதியைத் திரட்டி ஆதாமை உருவாக்கினார் என்பது அந்த விளக்கம். தொலைதூர நாட்டிலிருந்து வந்திருக்கும் என்னைத் தேற்றவே அதைச் சொல்கிறார் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். தம்மைக் குறித்தும் அவர் பேசியிருக்கலாம். அப்படியானால் அவர் என்னிடம் கேட்டது தகவலை அல்ல. எதைக் கேட்டார் என்பதில்தான் என் எல்லா நியாயங்களும் தடுமாறுகின்றன.

தந்தை ஒன்றும் அறியாமல் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று மகள் இன்றும் நம்புகிறார். அதற்காக எனக்கு நன்றியும் சொல்கிறார். எங்களுக்குள் நடந்த அந்தப் பேச்சை அவரிடம் சொல்வதா, வேண்டாமா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.