சறுக்கு மரத்தடிக் குறிப்புகள்

2025 ஜனவரி 5, ஞாயிறு

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா மாலை 4 மணிக்குத் திறக்கும். காலையிலும் திறக்கிறார்கள், ஆனால் அது நடைப்பயிற்சிக்காரர்களின் நேரம். பிள்ளைகள் குறுக்கே ஓடினால் முறைப்பார்கள். சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்திருக்கிறது, கடிகாரம் தெரியாது. மூன்றேகாலுக்கே செருப்பை இடம்வலம் மாற்றி மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். பெரியவளுக்கு ஐந்து வயது. அவளுக்குக் கடிகாரம் பாதி தெரியும், அது இன்னும் தொல்லை.

உள்ளே ஊஞ்சல், சீசா, குடை ராட்டினம், பெரிய சறுக்கு மரம் எல்லாம் உண்டு. புதுப் பெயின்ட் அடித்து, சுற்றுச்சுவரில் யானையும் முயலும் வரைந்திருக்கிறார்கள். ஆனால் தரை முழுக்கப் பேவர் பிளாக். எனக்கு ஒப்பாத விஷயம் அதுதான். நான் இதே ஊரில் பிள்ளையாகத் திரிந்த காலத்தில் சறுக்கு மரத்தடியில் மணல் கிடந்தது. விழுந்தால் வாயில் மண் போகும், துப்பிவிட்டு மறுபடி ஏறுவோம். இப்போது சுத்தமாக இருக்கிறது, உடுப்பில் அழுக்குப் படாது, விழுந்தால் பல் போகும்.

விளையாட்டிடத்தில் பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை விழுவதால்தான் வருகின்றன. 4 அடி உயரத்திலிருந்து விழும் பிள்ளையைத் தாங்க 9 அங்குல ஆழத்துக்கு இளக்கமான மணல் வேண்டும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு சொல்கிறது. எங்கள் சறுக்கு மரத்தின் மேல்தட்டோ என் தலைக்கு மேல் இருக்கிறது. அதனால் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் முதலில் காலடியைப் பார்க்கிறேன், அப்புறம் தலைக்கு மேல் நிழல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். விளையாட்டுச் சாமான் எத்தனை, எந்தக் கலர் என்பதெல்லாம் பிறகு.

ஊஞ்சலில் எங்களுக்கு இடம் கிடைக்க வெகுநேரம் ஆனது. '12 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடக்கூடாது' என்ற பலகைக்கு நேர் கீழே ஒரு குடும்பமே ஆடிக்கொண்டிருந்தது, பாட்டி உட்பட. பாட்டி நன்றாகவே ஆடினார்.

ஜனவரி 16, வியாழன்

தை மூன்று, சிறாவயல் மஞ்சுவிரட்டு. வீட்டு ஆண்கள் விடியுமுன் கிளம்பிவிட்டார்கள். அந்தச் சாலைப் பக்கம் இன்று பிள்ளைகளோடு தலைகாட்ட முடியாது. நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். சின்னவன் தலையில் துண்டைக் கட்டி மாடாக்கி, பெரியவள் கொல்லை முழுக்க விரட்டினாள். மாடு கடைசியில் அழுதது.

ஜனவரி 19, ஞாயிறு

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்குப் பக்கம், கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய். 1977இல் சரணாலயமானது. இந்த ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அதற்காக வனத்துறையினர் வந்து இனிப்புக் கொடுப்பது வருஷா வருஷம் பேப்பரில் வரும். பெரியவளிடம் இதைச் சொன்னதும் முதல் கேள்வி: "பாப்பாவுக்குக் கம்பி மத்தாப்பாச்சும் உண்டா?"

நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா என்று கருவேல மரமெல்லாம் அடைந்து கிடக்கின்றன. கரண்டிவாயன் என்ற பெயர் பெரியவளுக்குப் பிடித்துவிட்டது. நிஜமாகவே வாயில் கரண்டி என்று தெரிந்ததும் கரையை விட்டு நகர மறுத்தாள். சின்னவனுக்கு அவ்வளவு தூரத்துப் பறவை கண்ணில் படவில்லை. வந்த நேரம் முழுக்கக் கரையில் ஆட்டுப் புழுக்கையை எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தான், அங்கிருந்து எடுத்து மறுபடி இங்கே வைத்தான். முழு சந்தோஷம். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பறவை காட்ட வருகிறவர்கள் இதை எதிர்பார்த்துத்தான் வர வேண்டும்.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். எச்ச வாடை இருக்கும், பழகிவிடும். கண்மாய்க் கரையில் பிள்ளையின் கையை விடவே கூடாது. தின்பதற்கும் குடிப்பதற்கும் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் சீப்புச்சீடையும் தேன்குழலும் கொண்டுபோனோம், காலி டப்பாதான் திரும்பியது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பிள்ளையார்பட்டியில் கூட்டம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்த முடியாது என்று கற்பக விநாயகருக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வைரவன்பட்டிக்கு வந்துவிட்டோம். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களில் இரண்டும் அடக்கம். வைரவன்பட்டியில் இந்த நேரத்தில் ஆள் குறைவு. கல் மண்டபம், அகலமான பிரகாரம், குளிர்ந்த தரை. பெரியவள் ஒவ்வொரு தூணாகத் தொட்டு எண்ணினாள். எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தது. சின்னவன் யாளிக்கு முன்னால் நின்று அதைப் போலவே வாயைப் பிளந்தான்.

ஒரு பெரியவர், "ஏம்மா, கோயில்ல பிள்ளைய ஓடவிடலாமா?" என்று கேட்டார். அவருடன் வந்த ஆச்சி, "ஓடட்டும் விடுங்க, நம்ம பிள்ளைக ஓடலையா?" என்றார். அதோடு வழக்கு முடிந்தது.

கோடையில் இதே இடம் பத்தரைக்கு மேல் ஆகாது. வெளிப்பிரகாரக் கல் கொதிக்கும், வெறுங்காலோடு பிள்ளை துள்ளும். மதியம் நடையும் சாத்திவிடுவார்கள்.

பிப்ரவரி 15, சனி

பூங்காவில் ஒரு பையன் பச்சைக் காய்களைப் பொறுக்கிச் 'சமையல்' செய்துகொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் தங்க அரளிக் காய். அவன் அம்மாவிடம் சொன்னேன், அவர் காயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பையனின் கையைக் கழுவினார். வாயில் வைத்திருக்கவில்லை, நல்லவேளை.

வேலியோரம் முழுக்க அரளிதான் நட்டிருக்கிறார்கள். காரணம் புரிகிறது: ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, வருஷம் முழுக்கப் பூக்கும். நடுகிறவர்களுக்கு எல்லா வகையிலும் வசதி. ஆனால் தங்க அரளியின் விதை இதயத் துடிப்பையே குலைக்கும் விஷம். செவ்வரளியும் சளைத்ததல்ல, இலை முதல் வேர் வரை விஷம். நம் ஊரில் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. ஆனாலும் ஊஞ்சலுக்கு மூன்றடி தள்ளி நிற்கிறது. ஒருவேளை பிள்ளை தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். 108க்குப் போன் செய்து, மிச்சக் காயையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காவலாளி அண்ணனிடம் சொன்னேன். "நிழல் மரம் வேணும்னு நானும்தாம்மா சொல்றேன்" என்றார். ஒரு புங்கை இருந்தால் போதும். பின்பனியில் இலை உதிர்த்தாலும் வெயில் ஏறுமுன் தளிர்த்துவிடும். இங்கே நட்டிருப்பது குரோட்டன்ஸ், என் முட்டி உயரம்.

மார்ச் 16, ஞாயிறு

முத்துமாரியம்மன் கோவில் மாசி பங்குனித் திருவிழா நேரம். ராட்டினம், காற்றடைத்த சறுக்கு, மீன் பிடிக்கிற விளையாட்டு, பஞ்சுமிட்டாய். சின்னவனுக்குச் சத்தம் ஆகவில்லை, என் தோளிலேயே தூங்கிவிட்டான். பெரியவள் காற்றடைத்த சறுக்கிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம். விழுந்தாலும் வலிக்காத தரை, அதில் எனக்குக் குறை இல்லை. பர்ஸுக்குத்தான் வலித்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்று ஒரு பெரியவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சறுக்கு மரத்தில் கால் முறிவது பெரும்பாலும் இப்படித்தான். பிள்ளை தனியாகச் சறுக்கும்போது செருப்பு ஓரத்தில் உரசினால் அதன் எடைக்கு அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தால் கால் மாட்டிய பிறகும் பெரியவரின் எடை கீழே இழுத்துக்கொண்டு போகும், காலெலும்பு முறுக்கிக்கொள்ளும். குழந்தை மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பிள்ளை தானாக ஏறித் தானாக இறங்கும் உயரத்துச் சறுக்கில் விடுவது, நாம் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்வது, அதுதான் சரி.

"ஐயா, பிள்ளை கால் ஓரத்துல மாட்டிக்கிரும், பக்கத்துல நின்னு பிடிச்சுக்கங்க" என்றேன். "எம்மகன மூணு பேரையும் இப்படித்தான் சறுக்க வச்சேன்" என்றார். ஆனால் அடுத்த முறை பக்கத்தில் நின்றுதான் பிடித்தார். பேரனுக்கு அதில் வருத்தம், என்னை முறைத்தான்.

மேல்தட்டில் தடுப்புக் கம்பிகளையும் பார்த்தேன். மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குள் இடைவெளி இருந்தால் பிள்ளையின் உடம்பு நுழையும், தலை மாட்டும். என் கை விரல்களை மடக்கி முஷ்டியாக்கி வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், சொல்ல வேண்டும்.

மே 7, புதன்

அக்னி நட்சத்திரம். ஐந்து மணிக்கும் சறுக்கு மரத்தில் கை வைக்க முடியவில்லை. தகரம்தான் சுடும் என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக்கும் ரப்பர் பாயும் சுடும். பிள்ளையை உட்காரவிடுமுன் நம் புறங்கையை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆகவே பள்ளத்தூருக்கு வந்துவிட்டோம், அப்பத்தாவின் வீட்டுக்கு. என் மாமியாரின் வீடு என்று சொல்வதைவிட அப்பத்தா வீடு என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு. பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, கல்யாணம் வந்தால் திறக்கும். முகப்பு, பட்டாலை, முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். காற்று அந்த வழியில்தான் வந்து போகிறது, பிள்ளைகளும் அந்த வழியில்தான். தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற கல். வெளியே தார்ச்சாலை உருகுகிற நேரத்திலும் சின்னவன் இதில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்கிறான்.

காலையில் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுத் தாழ்வாரத்தில் தூண் மாற்றி ஓடும் விளையாட்டு. அத்தை பிள்ளைகளும் வந்திருப்பதால் ஆளுக்கொரு தூண், நடுவில் ஒருத்தர். பர்மாத் தேக்கு, சின்னவனின் இரண்டு கைக்குள் அடங்காது. மதியம் பல்லாங்குழி, அப்பத்தா சோழியை எண்ணாமலே எடுத்துப் போட்டு எல்லாரையும் தோற்கடிக்கிறார். நாலு மணிக்கு வெள்ளைப் பணியாரம். ஐந்தரைக்கு முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர். அந்த அண்டாவுக்கு நடந்த சண்டையை எழுதினால் தனிக் குறிப்பு ஆகிவிடும்.

"ஆத்தா, முத்தத்து வெயில்ல நிக்காதடி, தாவாரத்துக்கு வா" என்று அப்பத்தா நாள் முழுக்கக் கூப்பிடுகிறார். வீட்டைக் கட்டியவர்கள் பிள்ளைகள் விளையாட என்று நினைத்துக் கட்டவில்லை, வட்டிக்கடைக் கணக்கையும் கல்யாணப் பந்தியையும்தான் நினைத்திருப்பார்கள். ஆனாலும் நிழல் கணக்கு சரியாக வந்திருக்கிறது.

இதற்காகப் பூங்கா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இங்கே இருப்பதெல்லாம் சொந்தக்காரப் பிள்ளைகள். பேர் தெரியாத பிள்ளையிடம் "அடுத்தது நானு" என்று வரிசை கேட்கிற பழக்கம் ஊஞ்சலடியில்தான் வருகிறது. பெரிய வீடு இல்லாத பிள்ளைகளுக்கோ மே மாத மாலையில் போக அந்த ஒரு பூங்காதான்.

மே 25, ஞாயிறு

திரும்பி வந்து பார்த்தால் சறுக்கு மரத்தடியிலும் ஊஞ்சலடியிலும் பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட்டு மணல் கொட்டியிருக்கிறார்கள். மாலை நேரப் பெற்றோர் பலரும் சேர்ந்து எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பலன். ஆனால் வந்திருப்பது எம்-சாண்ட். கல்லை உடைத்து அரைத்த மணல், கோணல்மாணலான துகள், நுண்தூளும் சேர்ந்து இருக்கும். நாலு நாள் மிதிபட்டால் இறுகிவிடும். ஆற்று மணல் உருண்டையாக இருப்பதால் காலடியில் நழுவும், அதுதான் விழுகிற பிள்ளையைத் தாங்குவது. இப்போது ஆற்று மணல் யாருக்குக் கிடைக்கிறது? சரி, பேவர் பிளாக்குக்கு இது எவ்வளவோ மேல். வாரம் ஒரு முறை கொத்திவிட்டால் இளகிவிடும் என்று காவலாளி அண்ணன் சொன்னார். "நான் ஒராளு எதைம்மா பாக்குறது?" என்றும் சொன்னார்.

அதனால் வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம். காலையில் பூங்கா மூடுமுன் போய் மண்வெட்டியால் கொத்திவிட வேண்டும். இரவு நாய்கள் வந்து அசிங்கம் செய்துவைத்தால் அதையும் வாரிவிட வேண்டும். ஜூன் 2 பள்ளிக்கூடம் திறந்த பிறகு இந்த முறை எத்தனை நாள் ஓடும் என்று பார்க்கலாம்.

இன்று எங்கள் முறை. பிள்ளைகளின் அப்பா மண்வெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். எங்களோடு காரைக்குடிக்கு வந்திருக்கும் அப்பத்தா வாசலில் நின்று பார்த்தார். "ஏன் அப்பு, கொல்லையில வாழைக்கு மண்ணு அணைக்கச் சொன்னா இடுப்பு வலிங்கிறே, இதுக்கு மட்டும் வலிக்கலையாக்கும்?" என்றார். அவர் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார்.