சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை தேடும் நம் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும், அதன்பிறகு வீடு வந்துசேர என்ன வழி என்று கேளுங்கள். சம்பளப் பேச்சு அப்புறம்.

எனக்கு இரண்டு வேலை கைக்கு வந்தன. நகர மையத்தில் இருந்தது நல்ல பதவி, சம்பளமும் கூட. ஆனால் கிளம்ப இரவாகிவிடும். சென்னை ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் ராத்திரி ஷிஃப்ட் என்றால் கேப் வாசலில் நிற்குமே, அந்த நினைப்பில் வண்டி உண்டா என்று கேட்டேன். "சொந்தக் கார் இல்லையா?" என்றார்கள். ரோஸ்பேங்கில் கிடைத்த சின்ன வேலையை எடுத்துக்கொண்டேன். வீட்டுப் பக்கம் மிட்ராண்டில் ஏறினால் கௌட்ரெயின் அங்கேயே இறக்கிவிடும். 2010 உலகக் கோப்பை சமயத்தில் ஓடத் தொடங்கிய ரயில். பிளாட்பாரத்தில் காவலர்கள் நிற்பார்கள். ஆனால் இரவு ஒன்பது மணிவாக்கில் அதுவும் நின்றுவிடும்.

இங்கே பெரும்பாலோருக்கு மினிபஸ் டாக்ஸிதான். ஆள்காட்டி விரலை மேலே தூக்கினால் டவுன் போகிற வண்டி நிற்கும். காசு பின் சீட்டிலிருந்து கைமாறிக் கைமாறி முன்னால் போகும், சில்லறையும் அப்படியே திரும்பி வரும். பகலில் நானும் தைரியமாகப் போகிறேன். பயமெல்லாம் இருட்டில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்து நிற்பதில்தான். கரண்ட் போய்விட்டால் தெருவிளக்கும் இருக்காது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி டர்பனில் சாட்ஸ்வொர்த் தமிழ்க் குடும்பம். 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, இந்தியர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த இடம் அது. அவர் அம்மா துணி ஃபேக்டரிக்கு விடியுமுன்பே கிளம்புவாராம், தெருப் பெண்களோடு கும்பலாக. தனியாகப் போகிற வேலை எதையும் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லையாம். சட்டம் போய்விட்டது, தூரம் போகவில்லை. கறுப்பினப் பெண்கள் படும் பாடு இன்னும் அதிகம். அதே மாதிரி கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய டெம்பிசாவிலிருந்து வரும் என் சகஊழியை டீம் லீடர் பதவியை வேண்டாம் என்றாள். மாலைக் கூட்டம் முடிந்து அவள் எப்படி வீடு போவாள்? மேலதிகாரிகள் "ஆர்வம் இல்லை" என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு அதுதான் ஆறவேயில்லை.

எல்லாரும் சேர்ந்து மேனேஜரிடம் பேசினோம். மாதக் கடைசியில் மட்டும் வீட்டு கேட் வரை வண்டி விடுகிறார்கள். தினமும் வேண்டும், அவளிடம் பதவியைப் பற்றி மறுபடி கேட்கவும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.