ஓரத்தில் எழுதிய பிள்ளை

பழைய அம்புலிமாமா ஒன்றை இன்று நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோது, படங்களுக்குத் தலைப்பு எழுதும் போட்டிப் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

இரண்டு புகைப்படங்கள். கீழே பென்சிலில் ஒரு தலைப்பு. அதை அடித்துவிட்டு இன்னொன்று. அதுவும் பிடிக்காமல் ரப்பரால் தேய்த்ததில் தாள் மெலிந்து, பின்பக்க எழுத்து தெரிகிறது. ஓரத்தில் கோணல்மாணலாக மூன்றாவது.

போட்டியில் படத்துக்கு ஒன்றாக எழுதும் இரண்டு தலைப்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், சுருக்கமாகவும் இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கடினம் என்று.

சிறுவர் இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய இதழ் இது; யார் நடத்தினார்கள், யார் வரைந்தார்கள் என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். படித்த பிள்ளை என்ன செய்தது என்பதற்குத்தான் பக்கமே இல்லை. குழந்தைகளுக்காக எழுதுவதைப் பற்றி இத்தனை பேசுகிறோம், பென்சிலைக் கடித்துக்கொண்டு தானும் எழுதிய அந்தப் பிள்ளையை விட்டுவிடுகிறோம். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

நெறியாளரிடம் பேசினேன். ஓரக் குறிப்புகளுக்கென்று தனி இயல் சேர்க்கச் சம்மதித்திருக்கிறார்.

வீட்டில் பழைய சிறுவர் இதழ்கள் வைத்திருப்பவர்கள், எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிறுக்கியிருந்தால் இன்னும் நல்லது.