நைட் டியூட்டியும் நீட்டும்: சேலத்து லேப் டெக்னீஷியன் ஒருத்தியின் அனுபவம்

அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள், ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் வேலை பார்த்தோம் என்பதையும் எழுதித் தருகிறார்கள். அதற்கு அங்கே மதிப்பு உண்டு. நமக்கு அந்தக் கதையே கிடையாது. எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருந்தாலும் எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு நீட் மார்க்தான் பேசும். லேபில் இருப்பதால் பயாலஜி தானாக வந்துவிடும் என்று நிறையப் பேர் என்னிடம் சொன்னார்கள். கொஞ்சம் வரும். குழப்பமும் சேர்ந்தே வரும்.

எனக்கு ஏற்காடு பக்கம் ஒரு மலைக் கிராமம். அப்பாவுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, அப்புறம் டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, அப்புறம் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் வேலை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், நீட்டுக்கு உச்ச வயது வரம்பு இல்லை என்று 2022-இல் வந்த முடிவும் இல்லாவிட்டால் இந்த ஆசையே எனக்கு வந்திருக்காது. அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. வீட்டில் சம்மதம் வாங்க அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

குழப்பம் என்றேனே, அதற்கு ஓர் உதாரணம். எங்கள் ரிப்போர்ட் தாளில் வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை நார்மல். நீட்டுக்குப் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகத்தில் சராசரியாக 6,000 முதல் 8,000. பிளேட்லெட் ரிப்போர்ட்டில் நாலரை லட்சம் வரை போகும், புத்தகத்தில் மூன்றரை லட்சத்தோடு நின்றுவிடும். தினமும் கையெழுத்துப் போட்டு அனுப்பும் எண்களைத் தேர்வு அறைக்கு வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். இதற்காக ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன்: இடது பக்கம் லேப், வலது பக்கம் புத்தகம். வேலை உண்மையிலேயே கைகொடுத்தது ரத்த உறைதலில்தான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பி.டி., ஐ.என்.ஆர். டெஸ்ட்டுகளைப் போட்டுப் போட்டு, புரோத்ராம்பின் த்ராம்பினாவதும் ஃபைப்ரினோஜன் ஃபைப்ரினாவதும் மனப்பாடம் செய்யாமலே நின்றது.

கிடைக்கிற இடைவெளியில் படி என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. சாம்பிள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றும் பத்து நிமிடத்தில் தாவர வகைப்பாடு ஒரு பக்கம் படிக்கலாம், கனிம வேதியியல் பார்க்கலாம். இயற்பியல் கணக்கு போட முடியாது. பாதிக் கணக்கில் கேஷுவால்டியிலிருந்து போன் வரும். திரும்பி வந்தால் முதலிலிருந்து. டெங்கு சீசனில் அந்த இடைவெளியும் இருக்காது. அதனால் இயற்பியலை லேபுக்குக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டு, வார விடுமுறை முழுவதையும் அதற்கு ஒதுக்கினேன். ஊருக்குப் போவது குறைந்தது. பஸ்ஸில் படிக்கலாமே என்று கேட்பவர்கள் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும்.

நான் யோசிக்காத ஒன்றை எங்கள் இன்சார்ஜ் அக்காதான் சொன்னார். "ஏன் கண்ணு, பரீட்சை மத்தியானம் ரெண்டு மணிக்குத்தானே? நைட் பாத்துட்டு அந்த நேரத்துக்குத்தான நீ அசந்து தூங்குவ. பேப்பர் மேலயே படுத்துருவ போ." நீட் மதியம் 2 முதல் 5 வரை. மாதக்கணக்காக அந்த மூன்று மணி நேரம்தான் என் நடு இரவு. அதுவும் 2024 வரை 200 கேள்வியில் 180-க்குப் பதில் எழுத 200 நிமிடம் தந்தார்கள். 2025-இல் சாய்ஸ் போய் 180 கேள்விக்கு 180 நிமிடம் என்று ஆகிவிட்டது. கண் சொக்கினால் ஈடுகட்ட நேரமே இல்லை. தீபாவளி, பொங்கல் டியூட்டியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், ஏப்ரல் நைட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று லேபில் ஒவ்வொருவரிடமும் பேசி முடித்தேன். ஏப்ரலில் காலை டியூட்டி முடிந்த கையோடு, ஹாஸ்டலில் மற்றவர்கள் கட்டையைச் சாய்க்கும் நேரத்தில் மாதிரித் தேர்வு. முதல் வாரம் கொட்டாவிதான். மாத முடிவில் உடம்பு வழிக்கு வந்தது. முழு வருடத் தயாரிப்பில் இதைவிடப் பலன் தந்த வேலை வேறில்லை என்பேன்.

படிப்பைவிட அலைக்கழித்தது சான்றிதழ். வேலைக்குச் சேரும்போது பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டை மருத்துவமனை வாங்கி வைத்துக்கொண்டது. ஒரு வருடம் முடியாமல் தர மாட்டோம், முடிந்தால் ஏன் கேட்கிறீர்கள், இப்படியே போனது. கலந்தாய்வில் ஒரிஜினல் காட்டியே ஆக வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திராமல் மார்ச்சிலேயே எழுத்தில் கேட்டு, தேதி போட்ட நகல் ஒன்றை என்னிடம் வைத்துக்கொண்டேன். அதற்கு அப்புறம்தான் பீரோ திறந்தது. இன்னொன்று, 7.5 சதவீதத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் என்று சான்று வேண்டும். இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டிலும் கையெழுத்து. கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைத் தேடுவதற்குப் பதில் ஏப்ரலிலேயே வாங்கிவிடுவது நல்லது.

தேர்வு 2025 மே 4, அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள். இயற்பியல் நீளமாக வந்தது. தெரிந்ததை மட்டும் போட்டு, தவறுக்கு ஒரு மார்க் குறையுமே என்று மற்றதை விட்டேன். தூக்கம் வரவில்லை.

கலந்தாய்வில் இடம் கிடைத்து, ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா கொடுத்தேன். முன்கூட்டியே வேலையை விடச் சொன்னவர்கள் உண்டு. ஹாஸ்டல் வாடகையை அவர்கள் கட்டப் போவதில்லை. ஒரு மாத நோட்டீஸ் என்றார்கள், அக்கா பேசி ஒரு வாரமாக்கினார். டியூட்டி லிஸ்டில் எனக்குப் போட்டிருந்த நைட்டுகளை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள், புலம்பிக்கொண்டேதான்.