டாவின்சி ரிசால்வ்: நேர்காணல் டைம்லைனிலிருந்து ரீல்ஸ் டைம்லைனுக்கு

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில், மூல டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) 1920×1080, ஒரு மணி நேர நேர்காணல். அதிலிருந்து 1080×1920 அளவில் 60 நொடித் துண்டுகள் எடுக்க வேண்டும். செய்து பார்த்த வழிகளின் குறிப்பு இது.

ஒன்றிரண்டு கிளிப் என்றால் காப்பி-பேஸ்ட் போதும். கன்ட்ரோல்+வி அடித்தால் பிளேஹெட் (டைம்லைனில் நகரும் செங்குத்துக் கோடு) நிற்கும் இடத்தில் இருப்பதை அழித்துவிட்டு உட்காரும். கன்ட்ரோல்+ஷிப்ட்+வி, இருப்பதைத் தள்ளிவிட்டு நுழையும். பின்னணி இசை நடுவில் அறுந்துவிடும் என்பதால் இசை டிராக்கை முதலில் லாக் செய்யுங்கள்.

பல வெட்டுகள் கொண்ட நீளமான பகுதிக்கு இதைவிட நல்ல வழி உண்டு. மீடியா பூலில் (புராஜெக்டின் கோப்புகள் இருக்கும் பகுதி) இருக்கும் மூல டைம்லைனைச் சோர்ஸ் வியூவரில் (இடப்பக்கத் திரை) இழுத்துப் போட்டு, ஐ, ஓ விசைகளால் எல்லை குறித்து, எஃப்10 அழுத்தி ரீல்ஸ் டைம்லைனில் போடலாம். வழக்கமாக அது காம்பவுண்ட் கிளிப் போல, பல கிளிப்புகளை உள்ளடக்கிய ஒரே கிளிப்பாக வந்து விழும். உள்ளே இருக்கும் வெட்டுகளைத் தொட முடியாது. அதனால் எடிட் மெனுவில் 'டீகம்போஸ் காம்பவுண்ட் கிளிப்ஸ் ஆன் எடிட்' என்பதை முன்பே டிக் செய்ய வேண்டும். கிளிப்புகள் தனித்தனியாக, அவற்றின் கலர் வேலையோடு வந்து சேரும். வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், அடுத்து போடும் டைட்டில் காம்பவுண்டும் சிதறிப் போகும். டிக் செய்ய மறந்து ஒரே கிளிப்பாக வந்துவிட்டால் வலது கிளிக், 'டீகம்போஸ் இன் பிளேஸ்'.

இப்படிக் கிளிப்புகளைத் தனித்தனியாக நகர்த்தும்போது கூடவே வராதவை: டைம்லைன் முழுமைக்கும் போட்ட கிரேடு (நிறத் திருத்தம்), ஃபேர்லைட்டில் (ஒலிக்கான பக்கம்) டிராக்குக்கு வைத்த ஈக்யூ, கம்ப்ரஸர், ஃபேடர் அளவு, டைம்லைன் மார்க்கர்கள். இவை கிளிப்பைச் சேர்ந்தவை அல்ல. குரலுக்கான சத்தம் நீக்கலை டிராக்கில் வைக்காமல் கிளிப்பிலேயே வைத்தால் அது எங்கு போனாலும் கூட வரும்.

டிராக் அமைப்புகளும் அப்படியே வேண்டுமென்றால் எதையும் நகர்த்தவே வேண்டாம். மூல டைம்லைனை டூப்ளிகேட் செய்து, வேண்டாததை அழித்து, டைம்லைன் செட்டிங்ஸில் 'யூஸ் புராஜெக்ட் செட்டிங்ஸ்' டிக்கை எடுத்து, அளவை மாற்றுங்கள். 'மிஸ்மேட்ச்டு ரெசல்யூஷன்' பகுதியில் 'ஸ்கேல் ஃபுல் ஃபிரேம் வித் கிராப்' தேர்ந்தெடுத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வராது. ரீல்ஸுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) இப்படி மாற்ற முடியாது. 25 என்றால் 25 தான்.

வேறு புராஜெக்டுக்குக் கொண்டுபோக, டைம்லைனை .டிஆர்டி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து அங்கே இம்போர்ட் செய்யலாம். அதில் வீடியோ எதுவும் இருக்காது. வேறு கணினி என்றால் மூலக் கோப்புகளையும் சேர்த்து எடுத்துப்போய் ரீலிங்க் செய்ய (அவை இருக்கும் இடத்தை மீண்டும் காட்ட) வேண்டும்.