"அதெல்லாம் நமக்குக் கிடைக்காதும்மா": அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பமும் நான் பட்ட பாடும்

அட்மிஷன் கிடைத்துவிட்டது. முழு நிதியுதவியோடு. கல்லூரியின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் பேச்செல்லாம் அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தவற்றை. கட்டுரை, தேர்வு எல்லாம் என்னை அவ்வளவு அலைக்கழிக்கவில்லை. "இவளுக்கு எங்கே கிடைக்கப் போகுது" என்று நினைத்தவர்களின் கையில் என் தாள்கள் இருந்ததே, அதுதான் என்னை வாட்டி எடுத்தது.

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கும் இணையதளம் காமன் ஆப். அதில் நம் பங்கை நாம் எவ்வளவு நன்றாக முடித்தாலும், பாதி விண்ணப்பம் பள்ளியிலிருந்துதான் போக வேண்டும். ஸ்கூல் ரிப்போர்ட் (பள்ளி நிரப்பும் படிவம்), கவுன்சிலர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்) எழுதும் கடிதம், ட்ரான்ஸ்க்ரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), பெரும்பாலும் இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை, பிறகு மிட் இயர் ரிப்போர்ட் (கடைசி வருடத்தின் நடுவில் போகும் மதிப்பெண் அறிக்கை). இவை எதையும் மாணவர் கையால் ஏற்ற முடியாது. கவுன்சிலர் என்று தனியாக ஆள் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியரே அந்த வேலையைச் செய்யலாம். எங்கள் பள்ளியில் கவுன்சிலர் இல்லை. இதற்கு முன் இப்படி யாரும் கேட்டதும் இல்லை.

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. அக்கறையோடுதான் சொன்னார்: "நல்லா படிக்கிற பொண்ணு நீ. கிடைக்காத ஒண்ணுக்காக இந்த வருஷத்தைக் கெடுத்துக்காதம்மா." அதற்கு என்ன பதில் சொல்வது? ஹார்வர்டில் 100 பேர் விண்ணப்பித்தால் இடம் கிடைப்பது சுமார் 4 பேருக்குத்தான். அவர் சொன்ன பயத்தில் உண்மை இருந்தது. ஆனால் அந்த 4 பேரில் நான் உண்டா இல்லையா என்பதைக் கல்லூரி முடிவு செய்யட்டும் என்றுதான் நான் கேட்டேன். "சரி, ஆபீஸ்ல சொல்றேன்" என்றார். அதோடு அவர் அதை மறந்துவிட்டார்.

ஆபீசில் இருந்தவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "கோர்ஸ் முடியறதுக்கு முன்னாடி மார்க் குடுக்கிற வழக்கமே இல்லம்மா. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க, அப்புறம் விட்டுடுவாங்க. நான் உக்காந்து டைப் பண்ணினது வீணாப் போயிடும்."

நான் காமன் ஆப்பில் பள்ளியின் பொது மின்னஞ்சலைக் கொடுத்திருந்தேன். படிவங்களை நிரப்பச் சொல்லும் அழைப்பு மின்னஞ்சல் அங்கே போய்விட்டது என்று திரை காட்டியது. பதில் இல்லை. கெஞ்சி, அவர் பக்கத்தில் நின்று அந்த இன்பாக்ஸைத் திறக்கச் சொன்னேன். சுற்றறிக்கைகள், விளம்பரங்கள், யாரோ அனுப்பிய வாழ்த்துகள் எல்லாமே தடித்த எழுத்தில், திறக்காமல் கிடந்தன. அவர் மௌஸை உருட்ட உருட்ட அடியில் போய்க்கொண்டே இருந்தது. என் பெயரோடு வந்த அழைப்பு வாரக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கிறது. பக்கத்திலேயே காமன் ஆப் அனுப்பிய நினைவூட்டல், அதுவும் திறக்காமல். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இப்போது எழுதும்போதும் அந்தத் திரை அப்படியே தெரிகிறது.

ஆகவே முதல் எச்சரிக்கை: பள்ளியின் பொது மின்னஞ்சலை நம்பாதீர்கள். யார் கையெழுத்திடுவாரோ அவர் தினமும் பார்க்கும் அலுவல் மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள். அழைப்பு அனுப்பிய அன்றே நேரில் போய் "வந்துருச்சா சார்?" என்று கேளுங்கள். ஸ்பாம் ஃபோல்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது: வாயால் விளக்காதீர்கள். எனக்குக் கை கொடுத்தது ஒரே ஒரு தாள். பள்ளி அனுப்ப வேண்டியவை எவை, ஒவ்வொன்றும் எத்தனை பக்கம், எங்கே முத்திரை வேண்டும், கடைசி தேதி என்ன, லிங்க்கைத் திறந்தால் எந்த வரிசையில் என்ன கேட்கும் என்று ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். "வழக்கமில்லை" என்று சொன்னவருக்கு மறுப்பதற்கு இருந்த காரணமே அதோடு போய்விட்டது. வேலை எவ்வளவு என்று தெரியாததுதான் அவருடைய பயம்.

அந்தத் தாளோடு என்கூட வந்து நின்றவர் எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ். இவரைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது. "உனக்குக் கண்டிப்பா கிடைக்கும்" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி: "கடைசி தேதி என்னிக்கு? என்கிட்டேர்ந்து என்ன வேணும்?" தன் பரிந்துரைக் கடிதத்தை முதலில் முடித்தார். அப்புறம் ஆபீசுக்கு வந்து, "நீங்க மார்க்கை மட்டும் எடுத்துக் குடுங்க சார், ஸ்கேன் பண்றதை நான் பாத்துக்கறேன்" என்று மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அன்று மாலை காமன் ஆப்பில் ஸ்கூல் ரிப்போர்ட்டுக்கு எதிரே டிக் விழுந்தது. அட்மிஷன் கடிதம் வந்த நாளுக்கு இணையான சந்தோஷம் எனக்கு அன்று.

இந்த ஒரு வருடத்தில் நான் கவனித்தது இது. எங்கள் உறவில் ஒருவர், பார்க்கும்போதெல்லாம் "உனக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கும்" என்பார். தேர்வுக் கட்டணம் டாலரில் கட்ட சர்வதேச கார்டு தேவைப்பட்டபோது அவர் போனை எடுக்கவில்லை. எங்கள் மாமாவோ ஆரம்பத்திலிருந்தே "அதெல்லாம் நமக்குக் கிடைக்காதும்மா, பணக்காரப் பிள்ளைங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார்டைக் கொடுத்தவர் அவர்தான். கொடுக்கும்போதும் அதையேதான் சொன்னார்! சந்தேகப்படுகிறார்களே என்று யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரு கல்வி ஆலோசகரிடமும் போனோம். என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "இந்த ப்ரொஃபைலுக்கு அந்த லெவல் காலேஜ் எல்லாம் வேஸ்ட்" என்று சொல்லி வேறொரு பட்டியலை நீட்டினார். அதில் இருந்தவை எல்லாம் பாதிக்கு மேல் நாமே கட்ட வேண்டிய கல்லூரிகள். முன்பணம் கேட்டார். என் விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூடப் படிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம். எந்தக் கல்லூரி என் வீட்டு வருமானத்துக்குக் கட்டுப்படியாகும் என்பதை அவர் சொல்லவே இல்லை. அதைக் கல்லூரிகளின் இணையப் பக்கங்களில் நானே உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பணம் இல்லாதவர்களுக்கு முக்கியமான விஷயம் இது. பண உதவி கேட்டதற்காக வெளிநாட்டு மாணவரைத் தள்ளாமல், தேவை முழுவதையும் ஈடுகட்டும் கல்லூரிகள் சில உண்டு. நீட் ப்ளைண்ட் (need-blind) என்பார்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், பௌடன், பிரவுன் ஆகியவை அதில் வரும். ஹார்வர்டில் 2025-26 கல்வியாண்டு முதல் ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குள் உள்ள குடும்பங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இன்னும் பல நல்ல கல்லூரிகள், தேர்ந்தெடுக்கும்போது பண நிலையையும் கணக்கில் எடுக்கும், ஆனால் எடுத்துவிட்டால் முழுதாக உதவும். உள்ளே போவது மிகக் கடினமான இடங்கள்தான் நம்மைப் போன்றவர்களுக்குச் செலவு மிகக் குறைந்த இடங்களாகவும் இருக்கின்றன. "ஏன் இவ்வளவு பெரிய இடத்துக்கு ஆசைப்படறே?" என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் இது. சின்ன இடத்துக்குக் கட்ட எங்களிடம் பணம் இல்லை.

தேர்வில் பெரிய சிக்கல் இல்லை. ஒன்று மட்டும்: அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வு தேவையில்லை என்று பழைய ஆலோசனையைச் சொல்லிக்கொண்டு இன்னும் பலர் இருக்கிறார்கள். எம்ஐடி 2022-லேயே அதைத் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் 2024-ல் அறிவித்தன. யேலும் அதே ஆண்டு அறிவித்தது. அங்கே எஸ்ஏடிக்குப் பதிலாக வேறு சில தேர்வுகளும் செல்லும். அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

பெயர் விஷயம் என்னை நிறையப் படுத்தியது. அப்பா பெயரை இனிஷியலாக மட்டும் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். விண்ணப்பம் லாஸ்ட் நேம் இல்லாமல் நகராது. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, தேர்வுக் கணக்கில் ஒரு மாதிரி இருந்தால் கல்லூரியால் மதிப்பெண்ணை உங்கள் கோப்போடு சேர்க்க முடியாது. பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். எனக்கு ஒரு கல்லூரியின் போர்ட்டலில் மதிப்பெண் வரவில்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெயரும் ஒருவரே என்று விளக்கி, பாஸ்போர்ட் பக்கத்தை இணைத்து மின்னஞ்சல் அனுப்பியதும் சேர்த்துவிட்டார்கள். இதற்காக விண்ணப்பத்தை நிராகரிக்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

"உனக்கு மெடல் இருக்கா? ஒலிம்பியாட் இருக்கா?" என்பது அடுத்து எல்லோரும் கேட்டது. இல்லை. காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்கு 10 இடம் உண்டு. ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் சொல்ல வேண்டும். அந்த வகைகளின் பட்டியலை இறக்கிப் பார்த்தபோது குடும்பப் பொறுப்பு என்றும், சம்பளத்துக்குச் செய்த வேலை என்றும் இருந்ததைக் கண்டேன். தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, மாலையில் அப்பாவின் கணக்குகளை எழுதியதெல்லாம் அங்கே போகும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. முதல் வரியிலேயே அதைப் போட்டேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள்; உள்ளதை எழுதுங்கள். என் பிரதானக் கட்டுரையும் அந்தக் கணக்கு நோட்டைப் பற்றித்தான். 650 சொற்கள். மிஸ் படித்துவிட்டு இரண்டு பத்தியை அடித்தார், சரியாகத்தான் அடித்தார்.

நிதியுதவிக்காகக் குடும்ப வருமான விவரங்களைக் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவம்தான் இன்னொரு மலை. அப்பாவுக்கு மாதச் சம்பளம் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. வருமானச் சான்று வாங்கப் போன அலுவலகத்தில், "எதுக்கு இது? அமெரிக்காவா? முதல்ல காலேஜ்ல சீட் கிடைக்கட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். சீட் கிடைப்பதற்கே அந்தத் தாள் வேண்டும் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அன்று முழுதும் வீண். அப்பாவின் ஒரு நாள் வருமானமும் போனது. அவரை அங்கே தலைகுனிந்து நிற்க வைத்ததை என்னால் இன்னும் ஆறிப்போக விட முடியவில்லை.

மறுநாள் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கே எழுதினேன். வரி கட்டும் அளவு வருமானம் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை, என்ன அனுப்பலாம் என்று கேட்டேன். வருமானத்தையும் செலவையும் அப்பா தன் கையெழுத்தோடு எழுதிக்கொடுத்தால் போதும், கூடவே வங்கிக் கணக்கு விவரம் வையுங்கள் என்று பதில் வந்தது. படிவத்துக்கான கட்டணத்தைக் கட்டுவது சிரமம் என்றும் எழுதியிருந்தேன். கட்டண விலக்குக்கான குறியீட்டு எண்ணை அனுப்பினார்கள். சில கல்லூரிகள் அந்தப் படிவத்துக்குப் பதிலாகக் கட்டணமில்லாத வேறொரு படிவத்தை ஏற்கின்றன. விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. கேட்டால் விண்ணப்பத்தின் மதிப்பு குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். எனக்கு வந்த பதில்களிலேயே மரியாதையான பதில்கள் அந்த அலுவலகங்களிலிருந்து வந்தவைதான்.

ஜனவரியில் மிட் இயர் ரிப்போர்ட் வரவில்லை என்று ஒரு கல்லூரி எழுதியது. மறுபடியும் அந்த ஆபீஸ், அந்த மேசை. இந்த முறை தாளைத் தயாராகவே வைத்திருந்தேன். பொதுவாக நம் பங்குக்குத்தான் கெடு கறார். பள்ளியிலிருந்து வர வேண்டியவை சில நாள் தாமதமானால் பல கல்லூரிகள் பொறுத்துக்கொள்கின்றன. ஆனால் தாமதமாகும் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

மார்ச் கடைசியில் முடிவுகள் வந்தன. முதலில் மறுப்புகள், வரிசையாக. ஒரு இடத்தில் காத்திருப்புப் பட்டியல். அம்மா, "போதும்மா, நீ பண்ணவேண்டியதைப் பண்ணிட்டே" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசியாகத் திறந்த போர்ட்டலில் கிடைத்தது. நான் கடிதத்தை முழுதாகப் படிக்கவில்லை. நேராக நிதியுதவிப் பக்கத்துக்குப் போய் எங்கள் பங்கு எவ்வளவு என்று பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன்.

மறுப்பு வந்த இடங்களுக்கும் இதே விண்ணப்பம்தான் போனது. என்னைவிட நன்றாகப் படித்த ஒரு தோழிக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. ஆகவே "நீ பெரிய ஆள்" என்று இப்போது வந்து சொல்பவர்களிடம் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. எட்டாவது படிக்கும் தன் மகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்தவர்களிடம், பள்ளியில் இதையெல்லாம் யார் அனுப்புவார் என்று முதலில் கேட்டு வையுங்கள் என்றேன்.

மே 1-க்குள் சம்மதம் தெரிவிப்பது, ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்), 350 டாலர் செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர் பதிவுக்கானது), விசா எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. விசா நேர்காணலில் யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்டார்கள்; கல்லூரியின் உதவிக் கடிதத்தைக் காட்டினேன், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அட்மிஷன் கிடைத்த பிறகும் இறுதி மதிப்பெண்ணோடு ஃபைனல் ரிப்போர்ட் போக வேண்டும், அதையும் பள்ளிதான் அனுப்ப வேண்டும். விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும், கையெழுத்திடுபவர் ஊரில் இருக்க மாட்டார். மதிப்பெண் வந்த அன்றே போய் நில்லுங்கள். நான் போனபோது தலைமையாசிரியரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எந்த பட்டன்மா?" என்று கேட்டு அனுப்பிவைத்தார்.