காசா பணமா, எழுதி வை

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில் ரேங்க் வந்தபோது எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. கோட்டை விட்டது அதற்கப்புறம்தான். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான ஜோசா கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது, 'இது கட்டாயம் கிடைக்கும்' என்று தோன்றிய கல்லூரியை முதல் வரியில் போட்டேன். எல்லாம் பயம். ஆசைப்பட்ட திருச்சி என்.ஐ.டி. ஐந்தாவது வரியில் கிடந்தது.

முதல் சுற்றிலேயே முதல் வரி கிடைத்தது. அம்மா பாயசம் வைத்தார். சரி, அடுத்த சுற்றில் மாறிக்கொள்ளலாம் என்று ஃப்ளோட் (கிடைத்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேலே முயல்வது) கொடுக்கப் போனபோதுதான் உறைத்தது. கிடைத்த வரிக்கு மேலே இருக்கும் வரிகளுக்குத்தான் ஃப்ளோட் நம்மைக் கொண்டுபோகும். முதல் வரிக்கு மேலே ஏது வரி? திருச்சியில் நான் கேட்டிருந்த பிரிவோ, அந்த ஆண்டு என்னைவிடப் பின்தங்கிய ரேங்குக்கும் கிடைத்திருந்தது.

கணினி நம் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, நம் ரேங்குக்கு எட்டும் முதல் இடத்தைக் கொடுக்கிறது. எட்டாததை மேலே எழுதினால் கீழே உள்ளது பறிபோகாது. நுழைவுத் தேர்வே இல்லாமல் 200க்கு கட்-ஆஃப் பார்க்கும் நம் தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கிலும் இதே கதைதான்.

போன ஆண்டுகளில் ஒரு இடம் எந்த ரேங்க் வரை போனது என்ற கடைசி ரேங்கைப் பார்ப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு. ஆகவே நமக்குத் திருச்சி என்றால் 'ஹோம் ஸ்டேட்' வரி. சூரத்கல், கோழிக்கோடு என்றால் 'அதர் ஸ்டேட்' வரி. ஐ.ஐ.டி.யில் இந்தப் பிரிவினை கிடையாது. பெண்களுக்கான இடங்களுக்குத் தனி வரி உண்டு. ஓ.பி.சி. வரியில் இருப்பது ஓ.பி.சி. ரேங்க்; பொது ரேங்கை அதோடு ஒப்பிட்டுவிட்டு 'எதுவுமே வராது' என்று அழுத பையன்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி ரேங்க் பார்க்கும்போது முதல் சுற்றை விட்டுவிட்டுக் கடைசிச் சுற்றைப் பாருங்கள். ஓ.பி.சி. சான்றிதழ் அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். பள்ளிக்காக முன்பு வாங்கிய சாதிச் சான்றிதழ் செல்லாது. ரேங்க் வரும்வரை காத்திருக்காமல் இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

கல்லூரியா, பிரிவா என்று கேட்டால், எந்தப் பிரிவின் மேலும் தனிப் பிடிப்பு இல்லாதவர்களுக்கு நான் கல்லூரி என்றுதான் சொல்வேன். அதற்கு முன் அந்தப் பிரிவின் மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை இறக்கிப் படித்துவிடுங்கள். தலைப்புகளைப் பார்த்தே கொட்டாவி வந்தால் வேண்டாம்.

போன ஆண்டு சித்தப்பா மகளோடு உட்கார்ந்து முதலில் நோட்டில் எழுதினோம். அறுபது வரிக்கு மேல். "அண்ணா, இதெல்லாம் கிடைக்கவே கிடைக்காது, எதுக்கு?" என்றாள். "காசா பணமா, எழுது" என்றேன். முதல் சுற்றில் 14வது வரி வந்தது. ஃப்ளோட் கொடுத்தாள். மூன்றாம் சுற்றில் 9. 'கிடைக்கவே கிடைக்காது' என்று அவள் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்த வரி அது.